போன வருஷம் டிஜே, இந்த வருஷம் பேண்டு செட்டு: எங்க தெரு கப்புக்கு ரெண்டையும் புடிச்சு பாத்தாச்சு

முதல்லயே சொல்லிடறேன், ரெண்டுமே காசு குடுத்து வாங்கின சர்வீஸ் தான், யாரும் எனக்கு ஓசியில வாசிக்கல. பெங்களூரு அல்சூர் பக்கம் வருஷா வருஷம் நாங்க ஒரு செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு) ஃபுட்பால் கப்பு நடத்துறோம், 16 டீமு, ஒரே ஞாயித்துக்கிழமை, காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சா பொழுது சாயறப்ப ஃபைனல். போன வருஷம் டிஜே செட்டு, இந்த வருஷம் பேண்டு செட்டு. ஃபைனல் முடிஞ்சதுல இருந்து ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன்ல இருந்தெல்லாம் போன் மேல போன், அண்ணா அந்த பேண்டு யாரு, எவ்ளோ வாங்குனாங்க, டிஜே வேணாமாண்ணு. எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை போச்சு, அதான் எழுதிட்டேன். நம்பர் மட்டும் இங்க போட மாட்டேன், பேண்டு மாஸ்டரே வேணாம்னுட்டாரு, தெரியாத ஆளுங்க ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல வெறும் ஹாய்னு அனுப்பிட்டு தூங்கிடறாங்களாம்.

போன வருஷ கதை முதல்ல. 12,000 ரூபா, ரெண்டு டாப்பு ரெண்டு பேஸ் ஸ்பீக்கரு, ஒரு மிக்ஸர், கூட ஒரு லேப்டாப்பு பையன். பையன் நல்ல பையன் தான், அது வேற விஷயம். பாட்டெல்லாம் டவுன்லோடு பண்ணி வெச்சிருப்பான்னு நாங்க நெனச்சோம், அவன் போன்ல ஹாட்ஸ்பாட்டு போட்டு யூடியூப்ல தான் ஓட்டிருக்கான், அதுவும் காசு கட்டாத அக்கவுண்டு. செமி ஃபைனல்ல பெனால்டி, கிரவுண்டே மூச்சு புடிச்சு நிக்குது, பையன் டென்ஷன் ஏத்த ஏதோ ஒரு பிஜிஎம் தட்டுறான், அதுக்கு முன்னாடி வந்து நிக்குது ஒரு விளம்பரம், வரன் தேடுறவங்களுக்கான விளம்பரம், நாலு ஸ்பீக்கர்லயும், முழு பேஸோட. உதைக்க ஓடி வந்த பையன் சிரிச்சுட்டான். பந்து காம்பவுண்டு தாண்டி ரோட்டுக்கு போச்சு. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, இன்னிக்கும் மாப்ளனு தான் கூப்பிடறாங்க.

அது கூட போகட்டும், சிரிச்சுட்டு விட்டுடலாம். எனக்கு கோவம் வந்தது வேற ரெண்டு இடத்துல. ஒண்ணு, ரெஃபரி விசில் யாருக்கும் கேக்கல. ஆஃப்சைடு, ஃபவுல்னு அவரு ஊதிட்டே இருக்காரு, பசங்க ஓடிட்டே இருக்காங்க, அப்புறம் கோல் அடிச்சுட்டு கோல் இல்லன்னா சண்ட வராம என்ன பண்ணும். ரெண்டாவது, ஒரு பையன் கணுக்கால் மடங்கி கீழ விழுந்து கத்துறான், நாங்க ஐஸ் எடுத்துட்டு ஓடறோம், பின்னாடி குத்துப்பாட்டு ஓடிட்டே இருக்கு. நிறுத்துடானு கைய ஆட்டுனா அவன் பதிலுக்கு கைய ஆட்டுறான், சவுண்டு ஏத்த சொல்றேன்னு நெனச்சு ஏத்திட்டான். லேப்டாப்ப பாத்துட்டு உக்காந்திருக்கவனுக்கு கிரவுண்டுல என்ன நடக்குதுன்னு எப்படி தெரியும்?

சாயங்காலம் போலீஸோட ஹொய்சளா ரோந்து வண்டி வந்துச்சு. பக்கத்து அபார்ட்மெண்ட்ல யாரோ கம்ப்ளெய்ண்ட். அதுல அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், ஏரியால பகல் நேரத்துக்கு 55 டெசிபல்னு ரூல் 2000ம் வருஷத்துல இருந்தே இருக்கு, மைக்கு பர்மிஷன் வாங்காம விட்டது எங்க தப்பு. சாமி கொஞ்சம் கம்மி பண்ணுங்கன்னு மரியாதையா சொல்லிட்டு போனாங்க. ஃபைனல் கிட்டத்தட்ட மௌனமா தான் நடந்துச்சு. உண்மைய சொல்லணும்னா அன்னிக்கு நல்லா இருந்த மேட்ச்சு அது ஒண்ணு தான்.

இந்த வருஷம் எனக்கு பேண்டு யோசனை குடுத்தது எங்க அக்கா பையன். அமெரிக்கால மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பெரிய யுனிவர்சிட்டில எம்எஸ் படிக்கிறான், சனிக்கிழமை ஆனா காலேஜ் ஃபுட்பாலு பாக்க போயிடுவான். அது நம்ம ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட்டு மாட்டிட்டு முட்டிக்கற ஃபுட்பாலு. அதுல ஆட்டம் விட மாமா அந்த பேண்டு தான் மாமான்னு வீடியோ கால்ல காட்டுவான். இருநூறு முன்னூறு ஸ்டூடண்ட்ஸு, யூனிஃபார்ம்ல, நடந்துட்டே வாசிச்சுட்டே கிரவுண்டுல எழுத்து வேற எழுதுறாங்க. ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி பேண்டு 1936லயே கிரவுண்டு மேல ஒஹாயோன்னு கோர்வையா எழுத ஆரம்பிச்சாச்சு, கடைசில ஒரு சூசஃபோன்காரன் தனியா நடந்து வந்து ஐ எழுத்துக்கு புள்ளி வெப்பான், வெச்சுட்டு குனிஞ்சு வணக்கம் சொல்லுவான், ஸ்டேடியமே எழுந்து நிக்கும். சூசஃபோன்னா அந்த மலைப்பாம்பு மாதிரி உடம்பை சுத்தி தலைக்கு மேல பெரிய வாயோட நிக்குமே, அது. நோட்ரே டேம் பேண்டு 1845ல இருந்து இருக்காம், அந்த காலேஜுல ஃபுட்பால் டீமே 1887ல தான் வந்துச்சு. பேண்டு தான் சீனியரு.

ஆனா அங்கயும் இப்ப இதே பஞ்சாயத்து தான்னு சொன்னான். பேண்டு ஒரு பக்கம் ட்ரம்பெட்ட தூக்கும், அதுக்குள்ள ஸ்டேடியம் ஸ்பீக்கர்ல ரெக்கார்டு பாட்டு வந்து மூடிடும், இல்லேன்னா பெரிய ஸ்கிரீன்ல ஸ்பான்சர் விளம்பரம். அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் பேண்டுல ட்ராம்போன் வாசிக்கிறான், வாரத்துக்கு எத்தனையோ மணி நேரம் ப்ராக்டிஸ் பண்ணிட்டு வந்து மேட்ச்ல பாதி நேரம் வாயில வெச்சுட்டு சும்மா நிக்கிறேன்டான்னு பொலம்புறானாம். பாட்டு போட்டா தான் பசங்களுக்கு ஏறுதுன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது, அதுலயும் நியாயம் இருக்கு, விஸ்கான்சின் யுனிவர்சிட்டில 1998ல இருந்து மூணாவது குவார்ட்டர் (ஆட்டத்தோட நாலுல ஒரு பாகம்) முடிஞ்சதும் ஒரே ஒரு ராப் பாட்டு போடுவாங்க, 75,000 பேரு குதிக்கிற குதில ஸ்டேடியமே ஆடும். அது ரெக்கார்டு தான், ஆனா இன்னிக்கு அது அந்த ஊரோட சடங்காவே ஆயிடுச்சு. அதனால ரெக்கார்டு பாட்டுன்னாலே மட்டம்னு நான் சொல்ல வரல.

அவன் சொன்னதுல எனக்கு ஒட்டிக்கிட்டது அந்த ஆட்டத்தோட ரூல் புக்கு மேட்டரு. ஒரு டீமு சிக்னல் குடுக்கறப்ப அது அவங்களுக்கே கேக்காத அளவுக்கு யாரும் சத்தம் போடக்கூடாது, அது பேண்டா இருந்தாலும் சரி, சவுண்டு சிஸ்டம் ஆபரேட்டரா இருந்தாலும் சரி. ரெண்டு பேரையும் பேர் சொல்லி எழுதிருக்காங்க. போன வருஷம் என் ரெஃபரி விசில் நெனப்பு வந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

மாஸ்டர புடிச்சது சிவாஜிநகர்ல. ரிட்டயர்டு மிலிட்டரி பேண்டுகாரரு, அறுபது தாண்டியாச்சு, இப்பவும் ஷூ பாலீஷ்ல முகம் பாக்கலாம். கல்யாணம், தேரு, சாவு, அரசியல் கட்சி ஊர்வலம் எல்லாம் வாசிச்சிருக்காரு, ஃபுட்பாலுக்கு மட்டும் வாசிச்சதில்ல. நான் விஷயத்த சொன்னதும், "தம்பி, மாப்ள எப்ப வருவாரு பொண்ணு எப்ப வரும்னு தெரியும், அதுக்கேத்த மாதிரி வாசிப்போம். கோல் எப்ப விழும்னு எனக்கு எப்படி தெரியும்?"னு கேட்டாரு. எனக்கும் தெரியாது மாஸ்டர், பாத்துட்டே இருங்க, விழுந்தா ஊதுங்கன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அப்ப டீ டைம் கெடையாதா?"ன்னாரு.

அக்கா பையன் அனுப்புன வீடியோ ஒண்ணு காட்டுனேன். 1982ல கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் ஆடுன மேட்ச்சு, கடைசி நாலு செகண்டு, ஆட்டம் முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு ஸ்டான்ஃபோர்டு பேண்டு கிரவுண்டுக்குள்ள எறங்கிடுச்சு. ஆட்டம் முடியல. கலிஃபோர்னியா பசங்க பந்த கை மாத்தி கை மாத்தி பேண்டுக்கு நடுவுல புகுந்து ஓடி ஜெயிச்சுட்டாங்க, கடைசில ஒரு ட்ராம்போன்காரன் மேல மோதி அவன சாய்ச்சு, 25-20. எல்லாரும் அந்த ஓட்டத்த பாத்து வாய பொளப்பாங்க, மாஸ்டர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ட்ராம்போனு என்னாச்சு?" நசுங்கிடுச்சு மாஸ்டர், அத காலேஜ் ஃபுட்பால் மியூசியத்துல வெச்சிருக்காங்கன்னேன். உச்சு கொட்டுனாரு. "அந்த நசுங்கல எடுத்திருக்கலாம்."

ரேட்டு: 11 பேரு, மதியம் 2ல இருந்து 6 வரைக்கும், 22,000 கேட்டாரு, 19,000ல முடிஞ்சுது, அது போக எல்லாருக்கும் பிரியாணி, ரெண்டு தடவ டீ, ரெண்டு ஆட்டோ செலவு. டிஜே நாள் பூரா 12,000னா இது பாதி நாளுக்கு 19,000. எங்க கமிட்டில இதுக்கே ரெண்டு பேரு மூஞ்ச தூக்கிட்டாங்க. ஆனா ஜெனரேட்டர் வாடகை, டீசல், மைக்கு பர்மிஷன் அலைச்சல் எல்லாம் இந்த தடவ இல்ல, கூட்டி கழிச்சு பாத்தா வித்தியாசம் ரெண்டு மூணாயிரம் தான் வருது. அது போக, சட்டப்படி பொது நிகழ்ச்சில ரெக்கார்டு பாட்டு போடணும்னா பாட்டு எழுதுனவங்க மியூசிக் போட்டவங்களுக்கு ஐபிஆர்எஸ், ரெக்கார்டிங்குக்கு பிபிஎல்னு ரெண்டு அமைப்போட தனித்தனி லைசென்ஸு பேச்சு வரும், வாசிச்சா அந்த ரெக்கார்டிங்கு பேச்சே இல்ல. எங்க தெரு கப்புக்கு யாரும் வந்து கேக்க போறதில்ல, கொஞ்சம் பெருசா ஸ்பான்சர் வெச்சு டிக்கெட் போட்டு நடத்துறவங்க விசாரிச்சுக்கங்க.

அன்னிக்கு ஷார்ப்பா ஒண்ணே முக்காலுக்கு வந்துட்டாங்க. செவப்பு கோட்டு, தோள்ல தங்க சரிகை, ரெண்டு பேரு கோட்டு மட்டும் கொஞ்சம் வேற செவப்பு. ரெண்டு ட்ரம்பெட்டு, ரெண்டு க்ளாரினெட்டு, ஒரு ட்ராம்போனு, ஒரு சாக்ஸபோனு, ஒரு யூஃபோனியம் (பெரிய பித்தளை ஊதுகுழல்), சைடு ட்ரம் ரெண்டு, பேஸ் ட்ரம், சிங்கி. யூஃபோனியம் மீரட் சரக்காம், பேண்டு வாத்தியம் பண்றதுக்குன்னே பேர் போன ஊரு அது, ஜாலி கோட்டின்னு ஒரு பேட்டையே இதுக்குன்னு இருக்கு. அந்த யூஃபோனியத்தோட வாயில ஒரு பெரிய பள்ளம், என்ன ஆச்சுண்ணு கேட்டேன், வாசிக்கிறவரு "தேரு இடிச்சுது"ன்னாரு, அவ்ளோ தான். உக்காந்து வால்வு மூணையும் கழட்டி வேட்டி துணியால தொடச்சு தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டு திருப்பி போட்டு விரலால டக்கு டக்குன்னு அழுத்தி பாத்தாரு. கோல்கீப்பருங்க க்ளவுஸ் மாட்டிட்டு ரெண்டு தடவ கைய தட்டுவாங்களே, அப்படி.

முதல் அரை மணி நேரம் ஓட்டை. நெசமா ஓட்டை. அவங்களுக்கு பழக்கம் என்னன்னா ஆரம்பிச்சா பாட்ட முடிச்சுட்டு தான் நிறுத்துவாங்க, பல்லவி அனுபல்லவி சரணம் எல்லாம். கோல் விழுந்துச்சு, எம்ஜிஆர் பாட்டு எடுத்தாங்க, கிக் ஆஃப் ஆகி அடுத்த கார்னரும் வந்தாச்சு, இவங்க ரெண்டாவது சரணத்துல இருக்காங்க. அமெரிக்கா ஆட்டத்துக்கு பேண்டு பொருந்துறது எதனாலன்னு எனக்கு அப்ப தான் ஓடுச்சு. அங்க கடிகாரப்படி 60 நிமிஷ ஆட்டம், ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல நடக்கும், ஒவ்வொரு முட்டலுக்கும் நடுவுல நின்னு நின்னு போகும், அந்த இடைவெளில எட்டு பத்து செகண்டு வாசிக்கலாம், ஹாஃப் டைமே 20 நிமிஷம். நம்ம ஆட்டம் நிக்காது. அதனால தான் கண்டீரவா ஸ்டேடியத்துல பெங்களூரு எஃப்சி மேட்ச்சுக்கு போனா வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்னு அவங்க ரசிகர் கூட்டத்து பசங்க ட்ரம்மு மட்டும் வெச்சுட்டு விடாம பாடிட்டே இருப்பாங்க, முழு பாட்டுக்கு அங்க எடம் இல்ல.

மாஸ்டர் கிட்ட போய் இத எப்படி சொல்றதுன்னு நான் முழிச்சுட்டு இருக்கப்பவே அவரே கண்டுபுடிச்சுட்டாரு. காலிறுதி ரெண்டாவது மேட்ச்ல இருந்து நாலு வரி, எட்டு வரி, அவ்ளோ தான், கைய மூடுனா டக்குன்னு நிக்குது. ஆட்டம் ஓடறப்ப சைடு ட்ரம் மட்டும் மெல்லிசா, கார்னர்னா உருட்டு, ரெஃபரி விசில வாயில வெச்சா மாஸ்டர் கை மேல போகுது, பதினோரு பேரும் கப்சிப். இவங்க யாரும் மாஸ்டர தவிர வேற எங்கயும் பாக்கல, மாஸ்டர் பந்த தவிர வேற எங்கயும் பாக்கல. இதுக்காக ரிமோட்டோ ஆப்போ எதுவும் வேண்டியிருக்கல.

கன்னட பசங்க டீமு கோல் அடிச்சா ராஜ்குமார் பாட்டு, நம்ம பசங்க அடிச்சா ராஜா பாட்டு, கேரளா பசங்க டீமு ஒண்ணு இருந்துச்சு, அவங்களுக்கு என்ன வாசிக்கறதுன்னு தெரியாம முதல் கோலுக்கு மாதா தேர் பாட்டு வாசிச்சுட்டாங்க. அவங்க அதுக்கும் ஆடுனாங்க.

ஃபைனல பத்தி சொல்லியே ஆகணும். கௌதமபுரம் பக்கத்து பசங்க டீமு ஒண்ணு, அந்த பக்கம் போனீங்கன்னா தெரியும், அம்பேத்கர், புத்தர், மதர் தெரசா சிலையோட பீலேக்கும் சிலை வெச்ச ஏரியா அது, ஃபுட்பால் அங்க வெளயாட்டு கெடையாது, ஜாதகம். எதிர்ல இந்திராநகர் ஐடி பசங்க, போட்டுட்டு வந்த ஷூவே என் பைக்கு வெலை. 1-1, பெனால்டி ஷூட்டவுட்டு. அஞ்சாவது உதை. பேஸ் ட்ரம்காரரு, ஐம்பது வயசு இருக்கும், ஒல்லி, கழுத்துல ட்ரம்ம மாட்டிட்டு கோல் போஸ்டுக்கு பின்னாடி பத்தடி தள்ளி நிக்கிறாரு. சைடு ட்ரம் உருட்டு ஆரம்பிச்சு ஏறுது. பையன் ரெடியா நிக்கிறான். ரெஃபரி விசில் ஊதுறதுக்கு முன்னாடி உருட்டு நின்னுடுச்சு, அவ்ளோ கூட்டத்துல ஓடி வந்த பையனோட காலடி சத்தம் மண்ணுல எனக்கு கேட்டுச்சு. உதைச்சான், கீப்பர் எடது பக்கம் விழுந்து ஒத்த கையால தட்டிட்டான், கை பந்து மேல பட்டதும் பேஸ் ட்ரம்மு டம்முன்னு ஒரே ஒரு அடியும் சிங்கியும் சேந்து விழுந்துச்சு பாருங்க, கீப்பர் கைல தான் சத்தம் வந்துச்சுன்னு சத்தியம் பண்ணலாம். அப்புறம் என்ன வாசிச்சாங்கன்னே தெரியல, எல்லாரும் உள்ள ஓடிட்டோம். பேஸ் ட்ரம்காரரும் ட்ரம்மோட ஓடி வந்துட்டாரு, மாஸ்டர் பின்னாடி இருந்து திட்டுறாரு.

கொறை இல்லாம இல்ல. சத்தம் பத்தாது, கிரவுண்டோட அந்த கோடில உக்காந்தவங்களுக்கு க்ளாரினெட்டு சுத்தமா கேக்கல. ஒரு க்ளாரினெட்டு ஆரம்பத்துல இருந்து கால் சுதி கம்மி, அது அவருக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும், யாரும் பேசிக்கல. புது பாட்டு கேட்டா வராது, போன மாசம் ரிலீசான படத்து பாட்ட சின்ன பசங்க கேட்டாங்க, "ரெண்டு வாரம் ப்ராக்டிஸ் வேணும்பா"ன்னுட்டாரு, டிஜேனா ரெண்டு செகண்டு. நாலரை மணிக்கு மேல ட்ரம்பெட்டுக்காரங்களுக்கு ஒதடு போயிடும், மேல் ஸ்தாயி காத்தா தான் வரும், இத முன்னாடியே தெரிஞ்சிருந்தா செமி ஃபைனல்ல கொஞ்சம் ஓய்வு குடுத்திருப்பேன். மழை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு ட்ரம்மு தோலு நனைஞ்சா காசு நீங்க தரணும்னாரு. அன்னிக்கு வரல, நம்ம ஊரு மே மாச மழைய நம்பி நான் அடுத்த தடவ எழுதி வாங்காம விட மாட்டேன். அனௌன்ஸ்மெண்டுக்கு எப்படியும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வேணும், நாங்க கையில புடிக்கிற மெகாஃபோன்ல ஒப்பேத்துனோம், யார் அடுத்த மேட்ச்சுன்னு பாதி பேருக்கு கேக்கல.

ராத்திரில நடக்கற மேட்ச்சு, பெரிய லைட்டு, 500 பேருக்கு மேல கூட்டம், நடுவுல ஆட்டம் பாட்டம்னா டிஜே தான் சரி, ஆனா பாட்ட டவுன்லோடு பண்ணி எடுத்துட்டு வர சொல்லுங்க, கிரவுண்டு பாத்து உக்காரற மாதிரி டேபிள் போடுங்க, விசில் ஊதுனா சவுண்டு கட்டுன்னு ஒரு ஆள பக்கத்துல நிக்க வைங்க. பகல் மேட்ச்சு, ஏரியா பசங்க, பெருசுங்க சேர் போட்டு உக்காந்து பாக்குற கப்புன்னா கண்ண மூடிட்டு பேண்டு. ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு அந்த க்ளாரினெட்டுக்கு கொறச்சுக்கறேன்.

புக் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். ஆகஸ்டு 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 மாதா தேர் வரைக்கும் சிவாஜிநகர்ல எந்த நல்ல பேண்டும் கெடைக்காது, அல்சூர் பல்லக்கு சமயத்துலயும் அதே கதை, முகூர்த்த நாளா இல்லாத ஞாயிறா பாத்து புடிங்க, ரேட்டும் எறங்கும். அட்வான்ஸ் பாதி குடுத்தா போதும். முடிஞ்சதும் மீதிய கவர்ல போட்டு மாஸ்டர் கைல குடுத்தேன், எண்ணி பாக்கல, சட்டைல வெச்சுட்டு, "தம்பி, அந்த கீப்பர் பையன் எங்க இருக்கான்? ட்ரம்காரன் அவனோட ஒரு போட்டோ எடுக்கணுமாம்"னாரு.